வினைல் உருவமா, வெண்கலப் பதிப்பா?

கார்ட்டூன் பாத்திரங்களைத் தழுவிய சமகாலச் சிற்பங்களைச் சேகரிக்கத் தொடங்குவோர் பலரும் வினைல் எனும் பிளாஸ்டிக்கில் செய்த உருவம், வெண்கலத்தில் குறைந்த எண்ணிக்கையில் வார்த்த பதிப்பு ஆகிய இவ்விரண்டுக்கும் இடையில்தான் தயங்குகின்றனர்.

விலை: 1999இல் அமெரிக்கக் கலைஞர் காஸ் (KAWS) வெளியிட்ட முதல் ‘கம்பேனியன்’ எனும் கார்ட்டூன் பாணி உருவம் வினைலில் 500 பிரதிகளாக வந்தது, வெண்கலத்திலோ பெரும்பாலும் சில பிரதிகளே வார்க்கப்படுவதால் விலை பன்மடங்கு ஏறிவிடுகிறது.

ஆயுள்: வினைலை இளக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் நாளடைவில் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும், வெயில் பட்டால் வெண்மை பழுப்பேறும், வெப்பம் தேங்கும் அலமாரியில் கணுக்கால் மெல்ல வளைந்து உருவமே சாய்வதும் உண்டு. வெண்கலத்துக்கு அவ்வப்போது மெழுகு பூசினால் போதும்.

நம்பகம்: வினைலில் போலிகள் மலிந்திருப்பதால் மூலப்பெட்டியைப் பத்திரப்படுத்துவது அவசியம். வெண்கலத்தில் ‘3/8’ (எட்டில் மூன்றாவது பிரதி) போன்ற பதிப்பெண்ணும் கையொப்பமும் சான்றிதழோடு பொருந்த வேண்டும்.

பலவற்றை அடுக்கி, மாற்றி மகிழ விரும்புவோருக்கு வினைல் பொருந்தும். ஒன்றையே நெடுங்காலம் பேணுவோருக்கு வெண்கலம். மறுவிற்பனை லாபத்தை மட்டுமே கணக்கிடுவோருக்கு இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன்.