அமெரிக்காவில் கிடைக்காத இரண்டு பைக்குகள்: ஹைனெஸ் சிபி350, டொமினார் 400

டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன் போன வாரம் போனில் கேட்டான்: "மச்சான், நீ வாங்கின ஹோண்டா இங்க ஷோரூம்லயே இல்லையே?" உண்மைதான். நான் வாங்கிய ஹோண்டா ஹைனெஸ் சிபி350 ஜப்பானில் ஜிபி350 என்ற பெயரில் 2021-லேயே வந்துவிட்டது, அமெரிக்காவுக்குப் போகவில்லை. நான் அதோடு வைத்துப் பார்த்த பஜாஜ் டொமினார் 400-ம் மெக்சிகோ வரை போயிருக்கிறது, எல்லையைத் தாண்டவில்லை.

வேகம் என்றால் பேச்சே இல்லை, டொமினார்தான். 40 குதிரைத்திறன், ஆறு கியர். ஹைனெஸில் 21தான், கியரும் ஐந்து. நாற்கர சாலையில் நூறைத் தாண்டினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தினமும் சென்னை, பெங்களூரு என்று ஓடுபவர் டொமினாரையே எடுக்கலாம்.

நான் ஹைனெஸை எடுத்ததற்குக் காரணம் கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் மனைவி, பக்கத்தில் ஒரு பை. நண்பரின் டொமினாரில் ஏறியபோது ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி, கிளட்சைப் பாதி பிடித்தபடியே திருப்ப வேண்டியிருந்தது. பாதி மலையில் இடது மணிக்கட்டு கடுத்துவிட்டது. ஹைனெஸில் அதே வளைவுகளை இரண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமலே திரும்பினேன்.

காரணம் என்ஜினுக்குள் இருக்கிறது. ஹைனெஸின் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90.5 மி.மீ. டொமினாரில் நேர்மாறு: போர் 89, ஸ்ட்ரோக் 60. நீண்ட தூரம் ஏறி இறங்கும் பிஸ்டனை அதிக ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அதிகச் சுற்றுகளில், சுற்ற முடியாது. அதனால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கிற மாதிரி டியூன் செய்திருக்கிறார்கள். 30 நியூட்டன் மீட்டர் டார்க் (என்ஜினின் திருப்புவிசை) முழுவதும் 3000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். டொமினாரின் 35 முழுதாகக் கிடைக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் முறுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அதற்கு ஏது இடம்?

டொமினாரை நான் ஓட்டியது இரண்டு நாள்தான். பழகியவர் கைக்கு இது பெரிய சிரமமாக இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம் வரி. நான் வாங்கியபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. ஹைனெஸ் 348 சிசி, டொமினார் 373.

அத்தை மகன் பொங்கலுக்கு வருகிறான். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, மலை ஏறும்போது நான் பின்னால் உட்காரப்போகிறேன்.