சோனி எஃப்எக்ஸ்6: பினாங்கு நிறுவனப் படப்பிடிப்புகளில் மூன்று ஆண்டுகள்

பினாங்கில் நிறுவனங்களுக்கு அறிமுகப் படங்களும் பயிற்சிப் படங்களும் எடுத்துத் தரும் சிறு குழுவொன்றில் நான் ஒளிப்பதிவு செய்கிறேன். அதுவரை திருமண வீடியோக்களையே எடுத்துப் பழகியிருந்த என் கைக்கு சோனி எஃப்எக்ஸ்6 வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான இக்கேமராவின் திறன்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதைக் கையாளப் பழகிய விதத்தைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

தொலைக்காட்சிப் படப்பிடிப்பில் நெடுங்காலம் இருந்த ஓர் அண்ணன்தான் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தார். "பட்டன தேடாத தம்பி. நீ குனிஞ்சு தேடுனா, எதிர்ல பேசுறவங்க நாம ஏதோ தப்பா பேசிட்டோம்னு நெனச்சுக்குவாங்க" என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை முதல் நேர்காணலிலேயே கண்டேன். வாழ்நாளில் முதன்முறையாகக் கேமராவுக்கு முன் அமர்ந்த ஒரு மேலாளர், நான் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கியதும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். அதன்பின் ஒரு மாதம், இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வெள்ளைச் சமநிலை (விளக்கின் நிறத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்வது), என்டி ஃபில்டர் (உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் வடிகட்டி) ஆகியவற்றைத் தடவிப் பார்த்தே மாற்றப் பழகினேன்.

அந்தப் பயிற்சியின் பலன் பாயான் லெப்பாஸில் தெரிந்தது. 1972இல் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகள்தாம் எங்களுக்கு அதிக வேலை தருபவை. தூசியற்ற அறைக்குள் நுழைவதற்கு முன் கேமராவை ஆல்கஹால் நனைத்த துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைக்க வேண்டும். நாமும் தலைமுதல் கால்வரை மூடிக்கொள்ள வேண்டும். இரட்டைக் கையுறை போட்ட விரலால் தொடுதிரையை இயக்குவது பெரும்பாடு. இருட்டில் பழகிய பொத்தான்களைக் கொண்டே அன்று முழு நாளும் எடுத்தேன்.

இக்கேமராவில் நான் மிகவும் மதிப்பது அதன் மின்னணு என்டி ஃபில்டர். உள்ளே வரும் ஒளியை நான்கில் ஒரு பங்கிலிருந்து 128இல் ஒரு பங்குவரை, இடையில் படிகளே இல்லாமல், ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் குறைக்கலாம். லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை முதலாளியை வாசலோரமாக அமர்த்திப் பேட்டி எடுத்தபோது, வெயிலும் மேகமும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. முன்பு வைத்திருந்த கேமராவில் ஒவ்வொரு மேகத்துக்கும் லென்ஸ் திறப்பின் அளவான அப்பெர்ச்சரை மாற்றியிருப்பேன். பின்னாலிருக்கும் சேலை அடுக்கு ஒரு ஷாட்டில் மங்கலாகவும் அடுத்ததில் தெளிவாகவும் வந்து, படத்தொகுப்பில் ஒட்டாமல் போயிருக்கும். அன்று அப்பெர்ச்சரைத் தொடவே இல்லை. முதலாளி தம் அப்பா துணி மூட்டை சுமந்த காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே பெருவிரலால் சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நான் செய்த பெரிய பிழையையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கை சுழல்வதை மெதுவாகக் காட்ட, நொடிக்கு 60 ஃபிரேம், 1/120 ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம், நொடிக் கணக்கில்) என்று வைத்து எடுத்தேன். கேமராவின் சிறிய திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அலுவலகத்துப் பெரிய திரையில் பார்த்தபோது, படம் முழுவதும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடின. நான் பாடம் கற்ற காணொளிகள் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்தக் கூடத்து விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஒளி கூடிக் குறைந்துகொண்டிருந்தன. 1/120 அதனோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி அனுமதி கேட்டுச் சென்று 50 ஃபிரேம், 1/100 ஷட்டரில் எடுத்தபோது பட்டைகள் இல்லை. அன்றிலிருந்து 25 ஃபிரேமுக்கு 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100 என்பதை மாற்றுவதே இல்லை. நம் ஊரில் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான்.

ஒலிக்கு ஒரே மைக்கை இரண்டு சேனல்களில் பதிவு செய்து, இரண்டாவதன் அளவைச் சுமார் 10 டெசிபல் குறைத்து வைக்கிறேன். பேசுபவர் திடீரென்று உரக்கச் சிரித்தாலும் ஒலி உடையாத பதிவு ஒன்று மிஞ்சும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் பையைத் திறந்தால் லென்ஸில் ஆவி படர்ந்துவிடும் என்பதால், பை மூடியபடியே அரை மணி நேரம் இருக்கட்டும். வீட்டில் ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் வைத்திருக்கும் உலர்பெட்டியில்தான் லென்ஸ்களை வைக்கிறேன். மூன்று ஆண்டுகளில் பூஞ்சை பிடிக்கவில்லை.

எனக்கு இன்னும் கைவராதது, கேமராவைக் கையில் பிடித்து நடந்தபடி எடுப்பது. உடல் மட்டும் ஒரு கிலோவுக்குக் குறைவு என்றாலும், லென்ஸ், மைக், பேட்டரி எல்லாம் சேர்ந்த எடையில் பத்தாவது நிமிடத்திலேயே என் மணிக்கட்டு நடுங்கத் தொடங்குகிறது. இப்போது வாரம் இருமுறை, காலையில், குர்னி கடற்கரை நடைபாதையில் அதே எடையைச் சுமந்து நடந்து பழகிவருகிறேன்.