எம்.சி.ஆர். செருப்பு: எது அசல், யாருக்குப் பயன், எப்போது டாக்டரிடம் போவது

வடசென்னையில் "சுகர் செருப்பு இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் கடை அபூர்வம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுச் செருப்புக் கடைகள், ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகள், பெரம்பூர், திருவொற்றியூர் என்று எங்கே போனாலும் ஒரு ஜோடியை எடுத்து நீட்டுவார்கள். "நல்லா மெத்துனு இருக்கும்மா, போட்டுப் பாருங்க" என்பார்கள். மெத்தென்று இருப்பதெல்லாம் எம்.சி.ஆர். என்ற நுண்ணறை ரப்பர் இல்லை. எம்.சி.ஆராகவே இருந்தாலும் எல்லாக் கால் கோளாறுக்கும் அது மருந்தும் இல்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் வாங்கக்கூடிய பொருள்களில், கொடுக்கிற காசுக்கு இந்தச் செருப்பு அளவுக்குப் பலன் தருவது வேறு இல்லை. குதிகால் வலிக்கும் கால் ஆணிக்கும் இதையே தலையில் கட்டுவதுதான் தவறு.

எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர். ரப்பருக்குள் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கும். நம் நாட்டில் இது முதலில் வந்தது தொழுநோயாளிகளுக்காக. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும், தொழுநோயில் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமும்தான் புண்ணாகிறது என்று காட்டினார்கள். சர்க்கரை நோயில் நடப்பதும் இதேதான். நல்ல காலாக இருந்தால், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் எரிச்சல் எடுத்ததுமே நம்மை அறியாமல் காலைச் சாய்த்து வைத்து நடப்போம். மரத்த கால் அப்படிச் சாயாது. அதே இடம் அழுந்தி அழுந்தித் தோல் தடிக்கும். தடித்த தோல் உள்ளே கல் மாதிரி நின்று இன்னும் அழுத்தும். அடியில் ரத்தம் கட்டும். ஒரு நாள் மேல்தோல் திறந்தால் உள்ளே குழி இருக்கும். செருப்பில் பாதம் படும் இடத்தில் வைத்திருக்கும் எம்.சி.ஆர். அட்டை அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடுகிறது.

இதற்கு நம் ஏரியாவிலேயே சாட்சி உண்டு. ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய 241 பேரை 9 மாதம் பார்த்தார்கள். எம்.சி.ஆர். உள்ளிட்ட சிகிச்சைச் செருப்பு போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குப் புதிய புண் வந்தது. சாதாரணச் செருப்பு போட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு வந்தது.

கடையில் சோதிப்பது எப்படி? உள் அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நன்றாக அழுத்துங்கள். கிட்டத்தட்ட பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும். விட்டதும் உடனே மேலே எழ வேண்டும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவுகோலில் 15 முதல் 20 வரை கடினம் உள்ள ரப்பர் அப்படித்தான் நடந்துகொள்ளும். அமுங்கவே இல்லையென்றால் அது ஹவாய் செருப்பு ரப்பர். அமுங்கி, சோம்பலாக எழுந்தால் பெரும்பாலும் மலிவான ஈ.வி.ஏ. ஃபோம். இது எடை குறைவாக இருக்கும், முதல் வாரம் சொகுசாகவும் இருக்கும். பிறகு குதிகாலும் விரல் மேடும் படும் இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றுவிடும். பள்ளம் விழுந்த அட்டை எதையும் பரப்பாது. எம்.சி.பி. என்ற பெயரில் வருவதும் உண்டு, அது நுண்ணறை பாலிமர். பெயரைப் பார்த்து வாங்காமல் விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். உள் அட்டை 10 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும்.

அடுத்து அடிப்பாகம். மேலே மெத்தென்ற அட்டை இருந்தால், கீழே கெட்டியான ரப்பர் சோல் இருந்தே ஆக வேண்டும். வெறும் எம்.சி.ஆரை முள்ளும் ஆணியும் சுலபமாகத் துளைத்துவிடும். காசிமேட்டில் மீன் முள், தூண்டில் கொக்கி, சிப்பி உடைசல், பட்டறைப் பக்கம் இரும்புச் சுருள் என்று தரையில் கிடப்பது எதுவும் மரத்த காலுக்குத் தெரியாது. செருப்பைக் கவிழ்த்து, அடியிலும் ஓரத்திலும் ஆணியோ பின்னோ அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியோ தைத்தோதான் இருக்க வேண்டும். பிறகு எப்போதாவது வார் அறுந்தாலும் தெருமுனையில் ஆணி அடித்துத் தரச் சொல்லாதீர்கள். அட்டை தேயத் தேய அந்த ஆணியின் தலையோ முனையோ மேலே எட்டிப் பார்க்கும், போட்டிருப்பவர் அதன் மேல் நாள் முழுக்க நடப்பார்.

வார் அகலமாக, உள்பக்கம் மிருதுவான துணி வைத்து, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோவாக இருப்பது நல்லது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் வரும் மாடல் வேண்டவே வேண்டாம். விரல் இடுக்கில் வெட்டி, அங்கேயே புண் ஆரம்பிக்கும். கட்டைவிரலை நுழைக்கும் வளையமும் அப்படியே. பின்வார் கட்டாயம். கால் மரத்தவர்களுக்குச் செருப்பு கழன்று போனதே தெரியாது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாகப் பத்து அடி நடந்த பிறகு, பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அளவு எடுப்பதற்குக் கடைக்காரரின் "எட்டு நம்பரா, ஒன்பதா" கணக்கு போதாது. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தின் மேல் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதைச் செருப்புக்குள் வைத்தால் எந்த ஓரமும் மடங்கவோ வெளியே நீட்டவோ கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். இரண்டு பாதம் இரண்டு அளவாக இருந்தால் பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். "போடப் போட இளகிவிடும்" என்ற பேச்சை மட்டும் நம்பவே கூடாது. மரத்த காலில் செருப்பு இளகுவதற்கு முன்னால் தோல் கிழிந்துவிடும்.

வாங்கிய அன்றே போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவப்புத் தடம் இருந்து, இருபது முப்பது நிமிடத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது, மாற்ற வேண்டும். தடம் இல்லையென்றால் அடுத்த நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். கல், மீன் செதில், பிள்ளைகள் போட்ட பொத்தான் எல்லாம் அகப்படும்.

வீட்டுக்குள் போடத் தனியாக இன்னொரு ஜோடி வேண்டும். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும், அதனால் வீட்டில் நடக்கும் நடையெல்லாம் வெறும் காலில்தான் போகிறது. கோயில் பிராகாரம் இன்னொரு ஆபத்து. சித்திரை, வைகாசி மதியத்தில் திருவொற்றியூர் கோயில் கல்தரையில் ஒரு சுற்று சுற்றினால் மரத்த பாதத்தில் கொப்புளம் வந்துவிடும், சூடு பட்டதே தெரிந்திருக்காது. விடியற்காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போவதும், கனமான பருத்திச் சாக்ஸ் போட அனுமதி கேட்பதும் நல்லது. பஸ் இன்ஜின் பக்கம் காலை நீட்டி உட்கார்வதும், வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைப்பதும் இதே கணக்குதான்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. ஈரமானால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் காய்ந்தால் ஒட்டு விட்டுவிடும். வெல்க்ரோவில் மணல் சேர்ந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தினமும் நடப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அட்டை செத்துவிடும். மேலே வார் புதுசு போல இருக்கிறதே என்று வைத்திருக்காதீர்கள்.

இந்தச் செருப்பு செய்யாத வேலைகளையும் சொல்ல வேண்டும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடியில் குதிகால் சுரீர் என்று வலித்து, நடக்க நடக்கக் குறைகிறதா? அது பெரும்பாலும் உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டையின் வலி. மெத்தென்ற தட்டை அட்டை அந்தப் பட்டையைத் தாங்காது. பாத வளைவைத் தாங்கும் செருப்பும், குதிகாலுக்குச் சிலிக்கான் கப்பும், பயிற்சியும் வேண்டும். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி, ஒரு தடவைக்கு மூன்று முறை, நாளுக்கு இரண்டு வேளை. வாரக்கணக்கில் விடாமல் செய்தால்தான் தெரியும். ஆறு வாரத்தில் துளிகூடக் குறையவில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கால் ஆணி விஷயத்தில் எம்.சி.ஆர். பாதி உதவி. அழுத்தம் குறைவதால் வலி தணியும். ஆனால் விரலின் மேல்புறம் வந்த ஆணி, இறுக்கமான வாரால் வந்தது. உள் அட்டையை மாற்றி அது போகாது. மெடிக்கலில் கிடைக்கும் கார்ன் கேப்பில் 40 சதவீதம் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அதற்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. சர்க்கரை நோயாளிகளும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் அதைத் தொடவே கூடாது. பிளேடால் சீவுவதும் கூடாது.

பித்தவெடிப்புக்குக் குளித்துத் துடைத்த கையோடு 10 முதல் 25 சதவீத யூரியா க்ரீம். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது, ஈரம் தங்கிவிடும்.

சேத்துப்புண்ணுக்கும் இந்தச் செருப்புக்கும் சம்பந்தமே இல்லை. மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தண்ணீரில் நடப்பவர்களுக்கும், மீன் மார்க்கெட்டில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவர்களுக்கும் விரல் இடுக்கு வெளுத்து ஊறிப் பிளக்கிறது. துணியால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றி எடுத்து, க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம் இரண்டு வேளை. அரிப்பு நின்றதும் நிறுத்தாமல் மேலும் இரண்டு வாரம் போட வேண்டும், இல்லையென்றால் திரும்ப வரும். ட்யூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கி, பூஞ்சை பரவும். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பிளவு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்க வீங்கிவிடும்.

எந்தச் செருப்பையும் தேடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டிய நேரங்கள் உண்டு. மரத்த காலில் எந்தப் புண்ணும், கொப்புளமும், அது வலிக்காவிட்டாலும். காய்ச்சலோடு கால் சிவந்து மேலே ஏறுவது. விரல் கறுப்பது. திடீரென ஒரு கால் ஜில்லென்று வெளுப்பது. சீழ், நாற்றம். இவற்றோடு இன்னொன்று, அதிகம் பேர் தவறவிடுவது: அடிபட்ட ஞாபகமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருக்கும், வலி இருக்காது, இருந்தாலும் கொஞ்சமே. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுவார்கள். அது சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. நடக்க நடக்கப் பாதத்தின் வளைவே இடிந்து உருமாறிவிடும். அந்தக் காலை ஊன்றாமல் போய்ச் சேருங்கள், பெரும்பாலும் மாவுக்கட்டு தேவைப்படும். ஏற்கெனவே பாதம் உருமாறியவர்களுக்கும் விரல் எடுத்தவர்களுக்கும் ரெடிமேட் எம்.சி.ஆர். உதவாது, காலை அச்செடுத்துத்தான் செய்ய வேண்டும்.

புண் இல்லாதவர்களும், சர்க்கரை இருந்தால் வருடம் ஒரு முறை பாதத்தைக் காட்டுவது அவசியம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து, 0.9-க்குக் கீழே வந்தால் ரத்த ஓட்டம் குறைவு என்று அர்த்தம். அப்போது ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்காமல் செருப்பு வாங்கி மட்டும் புண் ஆறாது. உணர்ச்சி போயிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, முன்பு புண் வந்திருந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும்.

நம் ஊரில் பாதத்துக்கென்றே தனிப் பட்டம் படித்தவர்கள் மிகக் குறைவு. சர்க்கரை நோய் டாக்டரும் சர்ஜனும் சேர்ந்துதான் இதைப் பார்க்கிறார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவு இருக்கிறது. ராயபுரம் எம்.வி. 1954-லிருந்து இயங்குகிறது, அங்கே பாதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. எங்கே போனாலும் சீட்டு, மாத்திரையோடு தினமும் போடும் பழைய செருப்பையும் கையோடு கொண்டுபோங்கள். உள் அட்டையில் எந்த இடம் குழிந்திருக்கிறது, அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து, அடுத்த புண் எங்கே வரக்கூடும் என்று அவர்களால் சொல்ல முடியும்.