களத்தில் நேர்த்தி, அறிக்கையில் அவசரம்: பாலத்துக்கான மண் ஆய்வு சேவை

பழைய ஆற்றுப் பாலம் ஒன்று நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கணக்கிடும் பொறுப்பு என்னுடையது. அடிமண் விவரம் கையில் இல்லாமல் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது என்பதால் ஒரு மண் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தினோம். களப்பணிக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். அறிக்கைக்கு இரண்டரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

எஸ்.பி.டி. சோதனையை, அதாவது நிலத்தில் துளையிட்டு அதன் அடியில் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் உறுதியைப் பார்ப்பதை, செய்யாத மண் ஆய்வு நிறுவனம் இல்லை. 63.5 கிலோ சுத்தியல் 76 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். மாதிரிக் குழாய் 45 செ.மீ. இறங்க வேண்டும், முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு மீதி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளை எண்ண வேண்டும். கேட்க எளிது, கெடுப்பதும் எளிது. நீர்மட்டத்துக்குக் கீழே தளர்ந்த மணல் இருக்கும்போது, துளைக்குள் உள்ள தண்ணீர் வெளியே உள்ள நிலத்தடி நீரைவிடத் தாழ்ந்துவிட்டால் அடியிலிருந்து மணல் பொங்கி மேலே ஏறிவிடும். அதன் பிறகு சுத்தியல் அடிப்பது குலைந்துபோன மணலைத்தான். எண் குறைவாக வரும்; நல்ல மண்ணையும் நிலநடுக்க அதிர்வில் உறுதி இழந்து திரவமாகும் மண் என்று நினைத்து அஸ்திவாரத்தை வலுப்படுத்தக் கிளம்பிவிடுவோம்.

இங்கே துளையிடும் ரிக் இயந்திரத்தின் போர்மேன் கம்பியை மெதுவாக உருவச் சொல்லி, உருவ உருவ பென்டோனைட் என்ற களிமண் கலவையை ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒருமுறை ஆழம் பார்த்தபோது மணல் ஒரு சாண் ஏறியிருந்தது. "இதுல அடிச்சா நம்பர் பொய் சொல்லும் மேடம், கழுவிட்டு அடிக்கிறேன்" என்றார். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இன்னொரு துளையில் எண் திடீரென்று எகிறியபோது, குழாயின் முனையில் சிக்கியிருந்த கூழாங்கல்லைக் காட்டி, களக் குறிப்பேட்டிலும் அதை எழுதி வைத்தார். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த ஆழத்தில் கெட்டி மண் இருப்பதாக நான் நம்பியிருப்பேன்.

சுத்தியலின் ஆற்றலையும் அளந்தார்கள். எந்தச் சுத்தியலிலும் முழு ஆற்றல் கம்பிக்குப் போய்ச் சேராது. கயிற்றைச் சுற்றி இழுத்து விடும் பழைய முறையில் பாதியளவே போகக்கூடும். தானியங்கிச் சுத்தியலில் 80 சதவீதம்கூடப் போகும். அதனால்தான் எல்லாவற்றையும் 60 சதவீதத்துக்கு மாற்றி ஒப்பிடுகிறோம். பலர் இங்கே ஒரு உத்தேச எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர்கள் கம்பியில் உணர்விகளைப் பொருத்தி அளந்தே கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் உதவியது இன்னொரு சோதனை. பாலத்தின் பழைய வரைபடங்கள் கிடைக்கவில்லை. அஸ்திவாரமாக மண்ணுக்குள் இறக்கிய பைல் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. தூணை ஒட்டித் துளையிட்டு, தூணைச் சுத்தியலால் தட்டி, துளைக்குள் படிப்படியாக இறக்கிய ஹைட்ரோபோனில் (நீருக்குள் ஒலியை உணரும் கருவி) அலை வந்து சேரும் நேரத்தைக் குறித்தார்கள். பைல் இருக்கும்வரை அலை கான்கிரீட் வழியே விரைவாக வரும். பைல் முடிந்ததும் நேரம் கூடும், கோட்டின் சாய்வு மாறும். அந்த முறிவு தெளிவாக விழுந்திருந்தது. பைல் முனை தளர்ந்த மணலைத் தாண்டிப் போயிருக்கிறதா இல்லையா என்பதுதான் இந்தப் பாலத்தின் தலையெழுத்து. தாண்டித்தான் போயிருக்கிறது.

மண்ணின் விறைப்பைக் காட்டும் ஷியர் அலை வேகத்தை, தரையைத் தட்டி மேலிருந்தே அளக்கும் மேற்பரப்பு அலை முறையில் மட்டும் எடுத்தால் போதும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுத்தியல் தட்டில் எழும் அலைகளில் தாழ்ந்த அதிர்வெண் குறைவு. ஆழம் போகப் போகத் தெளிவு போய்விடும். ஒரு துளையிலாவது உள்ளே கருவி இறக்கி அளக்கச் சொன்னேன். மேலே இரண்டும் ஒத்துப்போயின, ஆழத்தில் ஒத்துப்போகவில்லை. இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 1989 லோமா பிரியட்டா நிலநடுக்கத்தில் ஓக்லாந்தின் சைப்ரஸ் மேம்பாலம் சரிந்து 42 பேர் இறந்தார்கள். சரிந்த பகுதி பெரும்பாலும் மென்மையான விரிகுடாச் சேற்றின் மேல் நின்றது; கெட்டியான வண்டல் மேல் நின்ற பகுதி தப்பியது. தூண்களின் இணைப்பும் பலவீனம்தான், ஆனால் அதிர்வைப் பெருக்கியது மண்.

இனி அறிக்கை. நீர்மட்டத்தைத் துளையிட்ட நாட்களில் மட்டும் பார்த்து, வறண்ட பருவத்து அந்த அளவை வைத்தே திரவமாதல் கணக்கைப் போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அதுவரை உலர்ந்து கிடந்த மணலும் நனைந்துவிடும். அதுவும் கணக்கில் வர வேண்டும். கரை ஆற்றை நோக்கி நகருமா என்பதைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. 1964 நிகாட்டா நிலநடுக்கத்தில், கட்டி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த ஷோவா பாலத்தின் கண்கள் ஆற்றுக்குள் விழுந்தன; அடிமண் திரவமாகிப் பைல்கள் பிடிமானம் இழந்திருந்தன. இதெல்லாம் தெரிந்த துறையில், பாதுகாப்புக் குணகத்தை (மண் தாங்கும் அளவு நிலநடுக்கச் சுமையைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) அட்டவணையில் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவது சரியில்லை. எங்கும் பொருந்தும் பொதுப் பாடங்களுக்கோ பக்கம் பக்கமாக இடம் இருந்தது.

கேட்டதும் திருத்தித் தந்தார்கள், சண்டை போடவில்லை. அடுத்த பாலத்துக்கும் இவர்களைத்தான் அழைப்பேன். ஆனால் துளைகளில் நீர்மட்டக் குழாய் விட்டு மழைக்காலம் முடியும்வரை அளப்பது, கரை நகர்வுக் கணக்கு, போர்மேனின் கையெழுத்துக் குறிப்பேட்டின் நகல், இந்த மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.