செம்பனைச் சீட்டுக்கு எந்தக் கிளாஸ்? பைதானில் மூன்று வழிகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் அறுவடைக் கணக்கைப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சீட்டின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் அச்சுதான் கிளாஸ். ஒரு சீட்டில் ஆறு விவரம்: தேதி, ஆள் எண், பிளாக், நிரை, குலை, உதிரிப்பழக் கிலோ.

முதல் வழி, எல்லாவற்றையும் கையால் எழுதுவது. புதுச் சீட்டை உருவாக்கும் இனிட் (__init__) ஒன்றிலேயே ஒவ்வொரு பெயரும் மூன்று தடவை வரும், ஆறுக்கு 18. அச்சிட்டுப் பார்க்க ரெப்ர் (__repr__), ஒப்பிட ஈக்யூ (__eq__) என்று இன்னும் இரண்டு செயல்முறைகள். கைவலியைவிட மறதிதான் ஆபத்து. பின்னால் லாரி எண்ணைச் சேர்த்துவிட்டு ஈக்யூவைத் தொடாமல் விட்டால், ஒரே ஆள், ஒரே நிரை, அதே குலை எண்ணிக்கை, ஆனால் வேறு லாரியில் போன இரண்டு சீட்டும் ஒன்றாகிவிடும். இரட்டைப் பதிவென்று ஒன்றை நீக்கினால், உழைத்தவரின் கூலி போய்விடும்.

இரண்டாவது வழியான நேம்ட்டூப்பிள் (namedtuple) சுருக்கமானது, மதிப்பை மாற்றவும் முடியாது. ஆனால் அது அடிப்படையில் ஒரு டூப்பிள், அதாவது வெறும் மதிப்பு வரிசை. குலைச் சீட்டில் ஆள் எண், குலை (27, 85), முன்பணச் சீட்டில் ஆள் எண், தொகை (27, 85) என்றிருந்தால் இரண்டும் சமம் என்றே சொல்லும். கோப்பிலிருந்து வரிகளைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கூலிக் கணக்குக்கு மூன்றாவது வழியான டேட்டாகிளாஸ்தான் (dataclass) சரி. 2018இல் வந்த பைதான் 3.7 முதல் இருக்கிறது. பெயரையும் வகையையும் ஒரு தடவை எழுதினால் போதும். இனிட், ரெப்ர், ஈக்யூ மூன்றும் தானாக வரும். லாரி எண்ணைச் சேர்த்த கணமே ஒப்பீட்டிலும் சேர்ந்துவிடும். வேறு கிளாஸோடு சமமாகவும் ஆகாது.

சிக்கும் இடங்களும் உண்டு. தொடக்க மதிப்பாக வெற்று லிஸ்ட் (பட்டியல்) கொடுத்தால் வேல்யூஎர்ரர் (ValueError) என்ற பிழையோடு நின்றுவிடும். இது நல்லதுதான்: கையால் எழுதிய இனிட்டில் அதே லிஸ்டை எல்லாச் சீட்டும் சத்தமில்லாமல் பகிர்ந்துகொள்ளும். ஃபீல்டுக்குள் டீஃபால்ட் ஃபேக்டரி (default_factory=list) கொடுத்தால் சீட்டுக்கு ஒரு புது லிஸ்ட் கிடைக்கும். இரட்டைப் பதிவை நீக்கச் சீட்டுகளை செட்டில் (ஒன்றை ஒரு தடவை மட்டும் வைக்கும் தொகுப்பு) போட்டால் ஹேஷ் (அதற்கு வேண்டிய எண்) இல்லை என்று மறுக்கும். மதிப்பை மாற்றவிடாத ஃப்ரோசனை ட்ரூ ஆக்க வேண்டும் (frozen=True). அப்போதும் உள்ளே லிஸ்ட் இருந்தால் பிழைதான், டூப்பிளாக மாற்றுங்கள்.

இன்னொன்று: குலை என்பதற்கு இன்ட் (முழு எண்) என்று எழுதினாலும் டேட்டாகிளாஸ் வகையைச் சோதிக்காது. திரையில் தட்டிய 85 எழுத்தாகவே உள்ளே போய், 40ஐயும் எழுத்தாகக் கூட்டினால் 125க்குப் பதில் 8540 வரும். இனிட் முடிந்ததும் ஓடும் போஸ்ட் இனிட்டில் (__post_init__), குலை இன்ட் இல்லையென்றால் டைப்எர்ரர் எழுப்ப இரண்டே வரி போதும்.