சிங்காரத்தோட ரெண்டு நாவல், ரங்கூன்காரன் எதை முதல்ல படிக்கலாம்?

ப. சிங்காரம் எழுதுனதே ரெண்டு நாவல்தான், கடலுக்கு அப்பால் 1959ல, புயலிலே ஒரு தோணி 1972ல. யாரக் கேட்டாலும் தோணிதான் பெருசும்பாங்க, நானும் இல்லேங்கல. ஆனா ரங்கூன்ல பொறந்து வளந்த ஆளுக்கு முதல்ல ஒண்ணு குடுக்கணும்னா நான் கடலுக்கு அப்பாலத்தான் எடுத்துக் குடுப்பேன்.

காரணம் அந்த வட்டிக்கடை. கதை நடக்குறது பினாங்குல, நம்ம ரங்கூன் மொகல் தெருவுல இல்ல, சரி. ஆனா பெட்டியடிப் பையனா, அதாவது கடை எடுபிடியா கப்பலேறி, அடுத்தாளா ஆகி, மேலாளுக்கு பயந்து பயந்து பேரேடு எழுதி, என்னைக்காவது தனிக்கடை போடுவோம்னு பல்லக் கடிச்சுக்கிட்டு கெடக்குறது அந்தக் காலத்துல இங்க இருந்த செட்டியார் கடைங்கள்லயும் அதேதானே. 1930கள்ல நெல்லு வெலை விழுந்து, கடனுக்கு ஈடா கீழ் பர்மா வயல்ல கிட்டத்தட்ட கால்வாசி செட்டியார் கைக்கு வந்துச்சுன்னு வரலாற்றுல படிக்கிறோம், அந்தப் பொட்டிக்குப் பின்னாடி உக்காந்திருந்தவன் என்ன நெனச்சான்னு யாரு சொன்னா? சிங்காரம் சுமத்ராத் தீவு மெடான்ல அப்படி ஒரு கடையில வேலை பாத்தவரு, அதான் அவ்ளோ உள்ள போயி எழுத முடிஞ்சிருக்கு.

கதையில அந்தக் கடைப் பையன் செல்லையா ஐஎன்ஏவுக்கு, அதான் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துக்குப் போயிட்டு வர்றான், முதலாளி வயிரமுத்துப் பிள்ளை பொண்ணு மரகதத்த அவனுக்குக் குடுக்க மாட்டேங்குறார், துப்பாக்கி தூக்குனவன் லேவாதேவிக்கு லாயக்கில்லன்னு அவர் கணக்கு. அந்த மனுசன் மேல கோவமும் வருது, வில்லன்னு ஒதுக்கவும் முடியல.

தோணி வேற மாதிரி. ஜப்பான்காரன் மெடானுக்குள்ள வர்றதுல ஆரம்பிச்சு, தொங்கான்ங்குற பாய்மரக் கப்பல் ஏறி பினாங்கு, நடுக்கடல்ல புயல், ஐஎன்ஏ, அப்பறம் சுமத்ராவுல டச்சுக்காரனோட கொரில்லா சண்டைன்னு கதாநாயகன் பாண்டியன் ஓடிக்கிட்டே இருக்கான், நடுவுல மலாய் வார்த்தை டச்சு வார்த்தை எல்லாம் வந்து விழுது, ஃப்ரெண்ட்ஸ் கூட உக்காந்து தமிழனோட பழம்பெருமையப் போட்டுக் கிழிக்கிறான் பாருங்க, கோயில் கமிட்டி மேடையில கேட்ட பேச்செல்லாம் ஞாபகம் வந்து நான் தனியா சிரிச்சேன். புயல் வர்ற பகுதிய சத்தம் போட்டுப் படிங்க.

ஐஎன்ஏ தலைமையகம் 1944ல ரங்கூனுக்கு வந்துச்சு, நம்ம வீட்டுப் பெருசுங்களுக்கு நேதாஜின்னா சாமி. சிங்காரம் ரெண்டுலயும் அந்தப் பட்டாளத்த சாமியாக்கல, அதுல போனவங்க சாதாரண கடைப் பசங்கதான்னு காட்டுறாரு, எனக்கு அது ரொம்பப் புடிச்சுது.

தோணில எனக்கு ஒரு குறை உண்டு, பொம்பளைங்க வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மரகதம் மாதிரி ஒருத்தி அதுல கெடையாது.

நம்ம பர்மாவே களமா வேணும்னா ஹெப்சிபா ஜேசுதாசனோட மா-னீ இருக்கு, 1982ல வந்தது. அது தனி ருசி, இந்தப் போட்டியில சேக்க வேணாம்.

இங்க ஸ்கூல்ல தமிழ் கெடையாது, கோயில் வகுப்புல எழுத்துக்கூட்டிப் படிச்ச பசங்கதான் பாதிப்பேர். அவங்களுக்கு கடலுக்கு அப்பால் தடங்காம ஓடும், கரண்ட் இருந்தா ஒரு ராத்திரில முடிச்சிடலாம். தமிழ் நல்லா வரும்னா நேரா தோணிக்கே போங்க, ஆனா ஆரம்பத்துல கொஞ்சப் பக்கம் பொறுத்துக்கங்க, மெடான் தெருப் பேரையெல்லாம் ஞாபகம் வச்சுக்கணும்னு இல்ல, நான் வச்சுக்கல.