ஆர்கான் வெல்டிங்: எந்த உலோகத்துக்கு எந்த கேஸ், 11 வருஷ அனுபவம்

கடலூர் முதுநகர்ல பட்டறை போட்டு 11 வருஷம் ஆகுது, மொத நாள்ல இருந்தே டிக் (TIG) மெஷின்தான் எங்களுக்கு சோறு போடுது, டங்ஸ்டன் ஊசில ஆர்க் எழுப்பி, வெளிக்காத்து படாம சுத்தி கேஸ் விட்டு உலோகத்த ஒட்டுற மெஷின். நம்ம பக்கம் அத யாரும் டிக்னு சொல்ல மாட்டாங்க, ஆர்கான் வெல்டிங்னுதான் சொல்வாங்க. பேரே கேஸோட பேருதான், ஆனா குழப்பம் பூரா அந்த கேஸ்லதான் வருது. புதுசா மெஷின் எடுக்குற தம்பிங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "அண்ணே, எஸ்எஸ்க்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஒன்னு, அலுமினியத்துக்கு ஒன்னுன்னு தனித்தனி சிலிண்டர் வேணுமா?"

வேணாம்ப்பா. சுத்த ஆர்கான் ஒன்னு போதும். எஸ்எஸ், சாதா இரும்பு எம்எஸ், அலுமினியம், பித்தளை, மெல்லிசு செம்பு எல்லாத்தையும் அதுலயே ஒட்டலாம், நான் பண்ற பத்து வேலைல ஒம்போது அப்படித்தான் போகுது. 99.99 சதவீதத்துக்கு கொறையாத சுத்தம் இருக்கணும், அவ்ளோதான். 7 கியூபிக் மீட்டர் சிலிண்டர்னா 7000 லிட்டர், நிமிஷத்துக்கு 8 லிட்டர் விட்டா கணக்குப்படி 14 மணி நேரத்துக்கு மேல வரணும், ஆனா ஒவ்வொரு பீடு, அதாவது ஒட்டுன கோடு, முடிஞ்சதும் டங்ஸ்டன் ஆறுற வரைக்கும் கேஸ் ஓடணும்ல, பிடிப்புக்கு வைக்கிற சின்ன சின்ன டாக் வெல்டு நெறைய இருந்தா அதுலயே பாதி போயிடும். சிலிண்டர கடைசி வரைக்கும் உறிஞ்சாதீங்க, முள்ளு அடிமட்டத்துக்கு வந்தா மாத்திடுங்க.

கேஸ் சரியில்லன்னு எங்கிட்ட வர்ற புகார்ல முக்காவாசி கேஸோட தப்பே இல்ல. எங்க ஊர்ல மத்தியானத்துக்கு மேல கடல் காத்து ஏறும், ஷட்டர் தெறந்திருந்தா டார்ச் முன்னாடி இருக்க ஆர்கான அப்படியே தள்ளிட்டுப் போயிடும், பீடு கருத்து பின்ஹோல் விழும். உடனே என்ன பண்றாங்க, ஃப்ளோவ 15, 20ன்னு ஏத்துறாங்க, அது இன்னும் மோசம், அவ்ளோ வேகத்துல வந்தா கேஸ் சுழிச்சிகிட்டு வெளிக்காத்தையும் உள்ள இழுத்துக்கும். நான் டார்ச் முனைல மாட்டுற 8ம் நம்பர் கப்பு, அதாவது வாய் அகலம் 12.7 மில்லி, உள்ள கேஸ சீரா விடுற வலை மாதிரி கேஸ் லென்ஸ், 8 லிட்டர், மூனு பக்கம் தார்ப்பாய், இதுக்கு மேல தேவைப்பட்டதே இல்ல. அப்புறம் ஓஸ் ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, உப்புக் காத்துல கிளிப்பு துருப்பிடிச்சு லூசாயிடுது, நான் மாசம் ஒரு தடவ பாக்குறேன்.

ஒரு தடவ சிலிண்டர் மாத்தினதும் டங்ஸ்டன் முனை கருத்து, மஞ்சளா தூள் படிஞ்சு, ரெண்டு நிமிஷத்துல தேஞ்சு போச்சு. எர்த்த மாத்துனேன், ராட மாத்துனேன், டார்ச்ச கழட்டி மாட்டுனேன், அரை நாள் போச்சு. கடைசில பாத்தா வந்தது சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) கலந்த ஆர்கான், கம்பி தானா ஓடி வர்ற மிக் வெல்டிங்குக்கு விக்கிறது. டிக்ல அது கூடவே கூடாது, சூட்டுல டங்ஸ்டன அரிச்சிடும். அன்னில இருந்து கலர நம்புறதில்ல, லேபிள படிச்சிட்டுத்தான் ரெகுலேட்டர் மாட்டுவேன்.

கலவைகள்ல எனக்கு உண்மையா லாபம் குடுத்தது ஆர்கான்ல 2 சதவீதம் ஹைட்ரஜன் கலந்ததுதான். 304, 316ங்கிற எஸ்எஸ் வகை பைப்பு நெறைய ஓட்டுற வேலை, சிப்காட் பக்கம் இருந்து மொத்தமா வரும்போது எடுப்பேன். அதே ஆம்பியர்லயே சூடு கூட வரும், கை வேகமா நகரும், பீடு வெள்ளி மாதிரி பளிச்சுன்னு நிக்கும், பிரஷ் போடுற வேலை கொறையும். ஆனா அது அந்த 300 சீரிஸ் எஸ்எஸ்க்கு மட்டும்தான். ஹெல்ப்பர் பையன் தெரியாம அதே சிலிண்டர்ல அலுமினிய ஏணி ஒன்ன ஒட்டிட்டான், பீடு பூரா ஆப்பம் மாதிரி பொத்தல். உருகுன அலுமினியம் ஹைட்ரஜன குடிச்சிக்கும், ஒறையும்போது வச்சிக்க முடியாம குமிழியா கக்கும், அதான் காரணம். எம்எஸ்லயும் 410 மாதிரி காந்தம் ஒட்டுற கடினமான எஸ்எஸ்லயும் போட்டா இன்னும் ஆபத்து, அன்னிக்கு நல்லாத்தான் தெரியும், அடுத்த நாள் வெடிப்பு விடும். டைட்டானியம் பக்கம் அத கொண்டே போகாதீங்க, அதுக்கு சுத்த ஆர்கான், அதுவும் டார்ச்சுக்குப் பின்னாடி ஆறுற எடத்துக்கும் தனியா கேஸ் விட்டு மூடணும், பீடு வெள்ளியா இருந்தா நல்லது, வெள்ளப் பொடி பூத்தா வெட்டி எடுத்துட்டு மறுபடிதான்.

ஹீலியம் கலவைய செம்புக்காக எடுத்தேன், 10 மில்லி பஸ்பார், கரண்ட் போற செம்புப் பட்டை. செம்பு சூட்ட இழுத்து இழுத்து ஓட விட்டுடும், சுத்த ஆர்கான்ல கேஸ் கட்டிங் டார்ச் வச்சு பழுக்க பழுக்க காய்ச்சுனாத்தான் உருகுன குளம் பிடிக்கும், 75 சதவீதம் ஹீலியம் போட்டதும் காய்ச்சுற வேலை பாதியா கொறஞ்சுது. தடிச்ச அலுமினியத்துக்கும் 25 சதவீதம் நல்லா எடுபடும். ஆனா ஆர்க் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஹீலியம் காத்த விட லேசு, அதனால மேல ஏறிப் பறக்கும், ஃப்ளோ கூட்டணும், ஆர்கான் ஃப்ளோ மீட்டர் அதுக்கு சரியா காட்டாது. வெலையும் எக்கச்சக்கம். மாசத்துக்கு ஒரு செம்பு வேலை வர்றவங்களுக்கு நான் வேணாம்னுதான் சொல்வேன், காய்ச்சி ஒட்டுங்க.

டூப்ளெக்ஸ் 2205ங்கிற எஸ்எஸ் வகை பைப்பு ஒரே ஒரு தடவ வந்துச்சு, கடல் தண்ணி லைனுக்கு. அதுல ஆர்கானோட 2 சதவீதம் நைட்ரஜன் போடணும்னு கம்பெனியோட வெல்டிங் புரோசீஜர்லயே எழுதியிருந்துச்சு. சுத்த ஆர்கான்ல ஒட்டுனா உலோகத்துக்குள்ள இருக்க நைட்ரஜன் வெளிய போயிடுமாம், அப்புறம் உப்புத் தண்ணில பீடுதான் மொதல்ல அரிக்கும். இந்த மாதிரி வேலைல நம்ம அனுபவத்த காட்டக் கூடாது, பேப்பர்ல இருக்கிறத அப்படியே செய்யணும்.

இன்னொன்னு பர்ஜிங், உள்பக்கம் ஆர்கான் நெரப்பி காத்த வெளிய தள்ளுறது. எஸ்எஸ் பைப்புக்கு வெளிய எவ்ளோ அழகா பீடு போட்டாலும் உள்பக்கம் ஆர்கான் இல்லன்னா கருகுன சக்கரை மாதிரி பொரிஞ்சு நிக்கும், துரு அங்கதான் ஆரம்பிக்கும். ஆர்கான் காத்த விட கனம், அதனால கீழ இருந்து விட்டு மேல ஓட்டை வைக்கணும்.

அந்த கனம்தான் ஆள கொல்லவும் செய்யும். ஒரு டேங்க் உள்ள பர்ஜ் பண்ணி முடிச்சு, கீழ விழுந்த ஸ்பேனர எடுக்க பையன் குனிஞ்சு எறங்குனான், தலை கிறுகிறுன்னு வருதுண்ணேன்னு ஒரு வார்த்த சொன்னான், அவ்ளோதான் கால் மடிஞ்சிடுச்சு. இடுப்புல கயிறு கட்டியிருந்ததால மேல இருந்தே இழுத்துட்டோம், எறங்கி தூக்கப் போயிருந்தா நானும் அங்கயே விழுந்திருப்பேன். ஆர்கானுக்கு வாசனை கெடையாது, மூச்சு முட்டாது, ஒன்னுமே தெரியாது. இப்ப புளோயர் ஓட விட்டு, ஆக்சிஜன் மீட்டர கயித்துல கட்டி அடி வரைக்கும் எறக்கி, 19.5 சதவீதத்துக்கு மேல காட்டாம எங்க பட்டறைல யாரையும் டேங்குக்குள்ள விடுறதில்ல, பார்ட்டி எவ்ளோ அவசரப்படுத்துனாலும் சரி.

இப்ப செவுத்தோரம் சங்கிலி போட்டு நிக்கிறது ரெண்டு ஆர்கான் சிலிண்டர், ஒன்னு ஓட ஒன்னு ஸ்பேர். ஹைட்ரஜன் கலவை ஆர்டர் வரும்போது மட்டும் எடுக்குறது, அதுக்கு வேற மூலை, கழுத்துல செவப்புத் துணி கட்டி வச்சிருக்கேன். ஹீலியம் சிலிண்டர திருப்பிக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு.